குன்றின் மண் சொல்லும் கதை

செம்பவாங்கில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. மண்வெட்டியோடு பழகிய கைகள் நம்முடையவை. அத்தகைய உழைப்பாளிகளின் கைகளே சிங்கப்பூரின் பழைமையையும் வெளிக்கொணர்ந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

செம்பவாங்கில் ரயிலேறினால் வண்டி மாறாமல் டோபி காட்டில் இறங்கலாம். அங்கிருந்து சற்று நடந்தால் ஃபோர்ட் கேனிங் குன்று. மலாய் மக்கள் இதனைப் 'புக்கிட் லாரங்கான்', அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்றழைத்தனர். 1822-இல் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இங்கே பழைய செங்கல் அடித்தளங்களைக் கண்டு எழுதி வைத்தார். இன்று அவற்றை நாம் காண இயலாது.

1928-இல் நீர்த்தேக்கத்திற்காகத் தோண்டிய தொழிலாளர்கள் பொன் நகைகளைக் கண்டெடுத்தனர். 1984-இல் ஆய்வாளர்கள் முறைப்படி அகழ்ந்தபோது, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சீனத்துப் பொருள் இங்கே கிடப்பானேன்? கப்பல்கள் வந்து சென்றதால்தான். ஆகவே, ராஃபிள்ஸ் 1819-இல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இத்தீவில் வணிகம் நடந்தது என்பது தெளிவாயிற்று.

ஆற்று முகத்துவாரத்திலிருந்த எழுத்துப் பாறைக்கோ அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. முழுப் பாறை போனதால், அது சொல்ல வந்த செய்தியும் நமக்குப் புரியாமலே போயிற்று.

நேயர்களே, மண்வெட்டியில் பழம்பொருள் தட்டுப்பட்டால் ஒரு கணம் வேலையை நிறுத்துவோம், உரியவர்களிடம் தெரிவிப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அக்குன்றுக்கு அழைத்துச் செல்வோம்.