கையில் பிபி நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குதா? நுரையீரல் ரத்த அழுத்தம் என்றால் என்ன?

"ரத்தம் கம்மியா இருக்கும்மா, சத்து மாத்திரை சாப்பிடு." அரியலூர் மாவட்டம் திருமானூர் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களில், மூச்சு வாங்குதுன்னு சொல்லும் பெண்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் வரப்பில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைக்குது, சாயங்காலமானா கால் வீங்குது என்றால், நுரையீரல் ரத்த அழுத்தத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபியில் இது தெரியாது. இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் பாதையில் அழுத்தம் ரொம்பக் குறைவு. ஓய்வில் சராசரி 14 மி.மீ. பாதரசம்தான். முன்பு 25-ஐத் தொட்டால் நோய் என்றார்கள். 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 20-ஐத் தாண்டினாலே நோய்தான். அழுத்தம் கூடக்கூட வலது இதயம் களைத்துப் போகும்.

காரணம் பெரும்பாலும் நுரையீரலில் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கேரளாவில் 50 மருத்துவமனைகளில் 2,003 நோயாளிகளைப் பதிவு செய்து பார்த்தபோது, 59 சதவீதம் பேருக்குப் பிரச்னை இடது இதயத்தில் இருந்தது. சின்ன வயதில் தொண்டை வலிக்குப் பின் வரும் முடக்குக் காய்ச்சல், இதய வால்வைச் சுருக்கிவிடும். மதகு சரியாகத் திறக்காவிட்டால் மேலே தண்ணீர் தேங்குமே, அதேபோல ரத்தம் நுரையீரலில் தேங்கும். வால்வை பலூன் மூலம் விரித்தால் அழுத்தம் இறங்கும். விறகடுப்புப் புகையால் கெட்ட நுரையீரலும் இன்னொரு காரணம்.

நுரையீரல் ரத்தக் குழாயே தடித்துப்போகும் அரிய வகையும் உண்டு. அதற்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து சில்டெனாஃபில். ஆமாம், வயாகராவில் இருக்கும் அதே மருந்து! 2024-ல் சோட்டாடர்செப்ட் என்ற ஊசி வந்தது. குழாய்ச் சுவரில் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதையே குறிவைக்கும் இதை, 3 வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுகிறார்கள். 24 வார ஆய்வில், ஊசி போட்டவர்கள் 6 நிமிடத்தில் மற்றவர்களைவிட சுமார் 40 மீட்டர் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். 2024-ல் அமெரிக்காவில் ஒரு குப்பி சுமார் 14,000 டாலராக இருந்தது. நம்ம ஊர்க் குடும்பத்துக்கு எட்டுமா?

எட்டினாலும் எல்லோருக்கும் பொருந்தாது. வால்வு சிகிச்சைக்குப் பிறகும் நுரையீரல் அழுத்தம் குறையாத நோயாளிகளுக்கு ஸ்பெயினில் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களின் நிலைதான் மோசமாகியிருந்தது. காரணம் தெரியாமல் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

முதலில் தேவை எக்கோ பரிசோதனை. வலிக்காது, ஊசியும் இல்லை. உறுதிசெய்ய சிலருக்கு இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளப்பார்கள். திருமானூரிலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தப் பக்கம் அரியலூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காரணமில்லாமல் மூச்சு வாங்கும் இளம்பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ எடுத்துவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்த அளவு கூடும். அதைத் தாங்க முடியாமல் வலது இதயம் பிரசவ நேரத்திலோ, குழந்தை பிறந்த சில நாட்களிலோ செயலிழக்கக் கூடும்.