புடாபெஸ்டின் நால்வர்

மேனாட்டுச் சங்கீத வடிவங்களுள் ஒளிவதற்கு இடமே இல்லாதது தந்தி வாத்திய நால்வர் இசை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவே. கோலசைத்து வழிகாட்டுவார் இல்லை. ஒருவர் பிசகினால் அப்பிசகை மூடி மறைக்கப் பெருங்குழு எதுவும் பின்னால் இல்லை. இத்தகைய நால்வரை ஹங்கேரியின் தலைநகர் பெற்றது 1886ஆம் ஆண்டிலே.

புடா, பெஸ்ட் முதலிய ஊர்கள் 1873இல் இணைந்தே புடாபெஸ்ட் உருவாயிற்று. 1875இல் தொடங்கிய அதன் இசைக் கழகத்துக்குத் தலைவராய் அமர்ந்தவர் மேதை லிஸ்ட். அவர் மறைந்த 1886இலேயே இருவர் அக்கழகத்தில் ஆசிரியராயினர். பெஸ்டிற் பிறந்து, பேர்லினில் யோவாகிமிடம் வயலின் பயின்று, பிரசல்சிற் கற்பித்துவிட்டுத் தாயகம் மீண்ட யெனோ ஹுபாய் ஒருவர்; பிராக் நகரத்துச் செல்லோக் கலைஞர் டேவிட் போப்பர் மற்றவர். இவ்விருவர் பெயராலேயே குழு வழங்கலாயிற்று. விக்டர் ஹெர்ஸ்பெல்ட் இரண்டாம் வயலினையும், யோசெப் வால்ட்பவர் வியோலாவையும் வாசித்தனர்.

இவர்களுடைய தரத்துக்குச் சான்று வேண்டுவோர் பிராம்ஸின் செயலைப் பார்க்கலாம். வியன்னாவில் வாழ்ந்த அவர், தமது மூன்றாவது பியானோ மூவரிசையை 1886 டிசம்பர் 20இல் புடாபெஸ்டிலேதான் முதன்முதலாக அரங்கேற்றினார். உடன் வாசித்தோர் ஹுபாயும் போப்பரும். 1888 டிசம்பரில் மூன்றாவது வயலின் சொனாட்டாவை ஹுபாயுடன் அங்கேயே வாசித்தார். வாலிபத்தில் எழுதிய மூவரிசையொன்றை முதுமையில் திருத்தியபோதும், அதன் புது வடிவம் 1890 ஜனவரியில் அம்மூவராலேயே அந்நகரில் ஒலித்தது. தம் படைப்புகளை ஈவிரக்கமின்றிக் கிழித்தெறிந்த மனிதர் அவர்; புதியதை எளிதில் எவரிடமும் ஒப்படைப்பவரல்லர்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஹூபர் என்ற ஜேர்மானியப் பெயரை ஹுபாய் என மாற்றிக்கொண்டவர் அக்கலைஞர். எனினும் அவர் பயின்ற மரபு ஜேர்மானியமே. ஹங்கேரிய இசை என அவர் இயற்றியவற்றுட் பலவும் நகரத்து ஜிப்சி வாத்தியக்காரரின் பாணியைத் தழுவியவை. கிராமத்துக் குடியானவரின் பாட்டு வேறு என்பதைப் பார்ட்டோக்கும் கோடாயும் ஊரூராய்ச் சென்று பின்னரே கண்டறிந்தனர்.

அப்புதிய இசையை வாசிக்க எவர் முன்வந்தனர்? 1910 மார்ச் 19இல் பார்ட்டோக்கின் முதலாவது நால்வர் இசையை அரங்கேற்றிய குழுவின் முதல் வயலின் இம்ரே வால்ட்பவர்: ஹுபாயின் மாணவர், வியோலா வாசித்த அந்த யோசெப்பின் மைந்தர். செல்லோவில் அமர்ந்த யெனோ கெர்பெலியோ போப்பரின் மாணவர். போப்பர் அதன்பின்னும் மூன்றாண்டு வாழ்ந்தார்.