முதல் தேர்தல் – 7: உள்ளூரில் மட்டும் 277

1831 ஏப்ரல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சங்கமோன் ஆற்றங்கரையில் இருந்தது நியூ சேலம் என்ற சின்னக் கிராமம். அங்கே மாவு மில்லுக்காகக் கட்டியிருந்த அணையில் ஒரு சரக்குப் படகு ஏறி மாட்டிக்கொண்டது. முன்பாதி அணைக்கு அந்தப் பக்கம் அந்தரத்தில் நிற்க, பின்பாதியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் ஜனம் கரையில் கூடிவிட்டது.

படகுக்காரர்களில் ஒருவர் நெட்டையான இளைஞர். சரக்கில் கொஞ்சத்தைக் கரையில் இறக்கியதும், ஊருக்குள் ஒரு துரப்பணம் இரவல் வாங்கி வந்து, அந்தரத்தில் நின்ற முனையில் ஓட்டை போட்டார். ‘படகில் ஓட்டை போடுகிறானே’ என்று பார்த்தவர்கள் பதறியிருப்பார்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் அந்த ஓட்டை வழியே வடிந்து இறங்கியது. அதை ஆப்பு வைத்து அடைத்தார்கள். படகு அணையைத் தாண்டியது.

22 வயது ஆபிரகாம் லிங்கனை நியூ சேலம் பார்த்தது இப்படித்தான். சில மாதங்களில் அவர் அதே ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மறு வருடமே மாநிலச் சட்டமன்றத்துக்கு வேட்பாளர்!

என்ன பின்னணி? ஒன்றுமில்லை. கென்டக்கியில் ஒற்றை அறை மரக்குடிசையில் பிறப்பு. அப்பா தாமஸ் விவசாயி, தச்சு வேலையும் தெரியும். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. 9 வயதில் அம்மா இறந்துபோனார். எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் பள்ளிக்கூடம் போனது ஒரு வருடம் தேறாது. கோடரி பிடித்து, வேலிக்கு மரம் பிளந்து வளர்ந்த கை.

1832 மார்ச்சில் ‘சங்கமோ ஜர்னல்’ பத்திரிகையில் வந்த தேர்தல் அறிக்கையில் இதை அவர் மறைக்கவில்லை. எளிய குடும்பத்தில் பிறந்தவன், சிபாரிசு செய்யப் பணக்கார உறவோ செல்வாக்கான உறவோ இல்லை என்று தானே சொல்லிவிட்டார். மற்றபடி அறிக்கை முழுக்க ஊர்க்காரியம்தான். ரயில் பாதை நல்லதுதான், ஆனால் 2,90,000 டாலர் என்கிறார்கள். அதற்கு ஆற்றைச் சீர்செய்தால் மலிவு என்றார். அணையில் படகு மாட்டி அவஸ்தைப்பட்டவர் ஆற்றைப் பற்றிப் பேசியதில் ஆச்சரியமில்லை. அநியாய வட்டிக்குக் கடிவாளம் வேண்டும் என்றார். எல்லோருக்கும் படிப்பு வேண்டும் என்றார், படிக்க வாய்ப்பில்லாதவர்.

அறிக்கை வந்த அடுத்த மாதமே பிளாக் ஹாக் என்ற பூர்வகுடித் தலைவருக்கு எதிரான போருக்கு ஆள் எடுத்தார்கள். லிங்கனும் போனார். தங்கள் கேப்டனைப் படையினரே தேர்ந்தெடுக்க வேண்டும். வேண்டியவர் பின்னால் போய் நிற்பதுதான் ஓட்டு. லிங்கன் பின்னால் நின்ற வரிசைதான் நீளம். அதில் பக்கத்து கிளாரிஸ் குரோவ் முரட்டு வாலிபர்களும் உண்டு. அவர்களுடைய தலைவன் ஜாக் ஆம்ஸ்ட்ராங்கோடு லிங்கன் மல்லுக்கட்டியிருந்தார். யார் ஜெயித்தார் என்பதில் ஆளுக்கொரு கதை. அதன்பிறகு அவர்கள் நண்பர்கள் ஆனார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

ஜூலையில் படையிலிருந்து விடுவித்தார்கள். ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் குதிரை திருடுபோயிருந்தது. நடந்தும் துடுப்புப் போட்டும் வந்து சேர்ந்தபோது தேர்தலுக்குச் சுமார் இரண்டு வாரமே பாக்கி. தலையில் வைக்கோல் தொப்பி, கை எட்டாத கோட்டு. இந்தக் கோலத்தில்தான் ஓட்டுக் கேட்டார். பாப்ஸ்வில் என்ற ஊரில் முதல் பேச்சைத் தொடங்கும்போது கூட்டத்தில் தன் நண்பரை ஒருவன் அடிப்பதைப் பார்த்தார். இறங்கிப் போய் அவனைக் கழுத்தையும் கால்சட்டையையும் பிடித்துத் தூக்கி வீசிவிட்டுத் திரும்பி வந்து பேச்சை முடித்தார் என்கிறார்கள் கூட இருந்தவர்கள்.

ஆகஸ்ட் 6 வாக்குப்பதிவு. அன்று இல்லினாயில் ரகசிய வாக்கு கிடையாது. எழுத்தர் முன் நின்று, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் ஏட்டில் குறித்துக்கொள்வார். மாவட்டத்துக்கு நான்கு இடம், போட்டியில் 13 பேர். லிங்கனுக்கு 657 ஓட்டு, எட்டாவது இடம்.

தோல்விதான். ஆனால் நியூ சேலம் சாவடிக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அங்கே விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு! அந்த ஊர் பெரும்பாலும் ஜனாதிபதி ஜாக்சன் பக்கம். லிங்கனோ ஜாக்சனை எதிர்த்த ஹென்றி கிளேயின் ஆள். கட்சியைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் நின்று, ‘லிங்கன்’ என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிற ஊர்கள் பலவற்றில் அவர் பெயர் மட்டுமே போயிருந்தது. ஆள் போய்ச் சேர நாள் இருக்கவில்லை.

1834-ல் மறுபடி நின்றார். அதற்குள் ஊர் ஊராகத் தபாலும் நில அளவைச் சங்கிலியும் தூக்கிக்கொண்டு நடந்திருந்தார். இந்த முறை ஜெயித்தார். மாநிலத்தின் அன்றைய தலைநகர் வண்டாலியாவுக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல துணிமணி இல்லை. அதற்கும் 200 டாலர் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே கழுத்தளவு கடனில் இருந்தவர். அந்தக் கடன் எப்படி வந்தது?

அடுத்த வாரம் இன்னொரு மளிகைக் கடைக்குள் போவோம்.

(தொடரும்)