மாடித்தோட்டம் வளர்க்கும் மனிதர்கள்

செடி வளர்ப்பது மனிதரின் மனத்தையும் பண்படுத்துகிறது என்ற கருத்தை ஆராய்ந்து பார்க்கச் சென்னையின் மொட்டைமாடிகள் மிகப் பொருத்தமான இடங்கள். ஏனெனில் அங்கே மண், நீர், நிழல் ஆகிய எதுவும் தானாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொன்றையும் வளர்ப்பவரே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கிணற்றடியில் நின்ற வாழையும் பின்கட்டில் படர்ந்த அவரையும், அவ்வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியபோது இடமிழந்தன. மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட தியாகராயநகரில் தரை பெரும்பாலும் கடைகளுக்கும் சாலைகளுக்கும் உரியதாகிவிட்டது. 1835ஆம் ஆண்டிலேயே தோட்டக்கலைக்கென ஒரு சங்கம் தோன்றிய இந்நகரில், செடிகள் இப்போது மாடிக்கு ஏறியிருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்தின்கீழ் வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கழிவு, விதைகள், உயிர் உரங்கள் ஆகியவற்றை ஒரு தொகுப்பாக மானிய விலையில் வழங்கியது இம்மாற்றத்துக்கு ஊக்கமளித்தது.

பத்துப் பதினைந்து பைகளில் விளையும் காய்கறி ஒரு குடும்பத்தின் தேவை முழுவதையும் நிறைவேற்றிவிடாது. ஆயினும், செயலில் இறங்குமுன் உற்றுப் பார்ப்பது, தன் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவது, கையில் உள்ளதை உரிய காலத்தில் முழுமையாகச் செய்வது என்ற மூன்று பழக்கங்களை அந்தச் சிறு தோட்டம் நாள்தோறும் பயிற்றுவிக்கிறது. வாழ்க்கைப் பாடம் என்று அதைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

வாட்டத்தின் இரு காரணங்கள்

புதிதாகச் செடி வளர்ப்போர் இழக்கும் செடிகளில் பல, நீரில்லாமல் அல்ல, நீர் மிகுந்தே மடிகின்றன. வேருக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்குகிறது, அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை வாடுகிறது. வாடிய இலையைக் கண்டவர் பதறி மேலும் ஒரு குவளை நீரை ஊற்றும்போது, மருந்தென்று எண்ணிச் செய்ததே செடிக்கு நஞ்சாகிறது. நீர் போதாத செடியும் நீர் மிகுந்த செடியும் வெளித்தோற்றத்தில் ஒரே வகையாகத் தலைசாய்வதால், தோட்டக்கலையில் பழகியவர் முதலில் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்குச் செலுத்திப் பார்க்கிறார். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்று நீர் ஊற்றுவதில்லை. நண்பகல் வெயிலில் மட்டும் துவண்டு மாலையில் நிமிரும் செடிக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை.

இந்தச் சிறு சோதனை கற்பிப்பது பெரிது. பிள்ளையின் சோர்வு, முதியவரின் மௌனம், உடன் பணிபுரிபவரின் சலிப்பு ஆகியவற்றுக்கும் நேர்மாறான இரு காரணங்கள் இருக்கக்கூடும். கவனிப்பு குறைந்ததால் வாடுபவரும் உண்டு, கண்காணிப்பு மிகுந்ததால் வாடுபவரும் உண்டு. அன்பு என்பது உடனே எதையாவது செய்துவிடுவது என்று கருதும் மனத்துக்கு, முதலில் தொட்டுப் பார்த்து அறியும் பொறுமையைத் தோட்டம் கற்றுத்தருகிறது.

பருவமும் கவாத்தும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழி மாடித்தோட்டத்துக்கும் பொருந்துகிறது. சென்னை ஆண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகவே வருவதால், ஆடியில் விதைத்த கத்தரியும் வெண்டையும் அடைமழை தொடங்குமுன் வேரூன்றி வலுப்பெற்றுவிடுகின்றன. அதே விதையை அக்னி நட்சத்திரக் காலத்தில் ஊன்றினால், தகிக்கும் தளத்தின் சூட்டில் நிழல்வலை கட்டியும் நாற்றைக் காப்பது கடினம். முளைக்கீரை மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். தக்காளி நட்டபின் இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். உரத்தை இரட்டிப்பாக்கினால் இக்கால அளவு பாதியாகிவிடாது, இளவேர்தான் கருகும். முயற்சியால் நிரப்ப முடியாத இடைவெளிகள் உண்டு என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் வேலைகள் நகர வாழ்வில் மிகச் சிலவே.

காத்திருப்பது என்பது கைகட்டி நிற்பதும் அன்று. பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்கின்றன. பெண்பூவின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு பிஞ்சு முன்கூட்டியே தென்படும். தேனீ எட்டாத உயர்ந்த மாடிகளில் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் பூ விரிந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் ஆண்பூவைக் கொய்து, அதன் இதழ்களை நீக்கி, மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவிவிடுகிறார்கள். வெயில் ஏறியபின் பூ சுருங்கிவிடும், அந்த வாய்ப்பும் அதனுடன் முடிந்துவிடும். ஆகவே தோட்டம் கற்பிக்கும் பொறுமையில் நாட்கணக்கில் காத்திருப்பதும் உரிய வேளையில் தவறாமல் எழுந்து செல்வதும் ஒருங்கே அடங்கியுள்ளன.

கவாத்து, அதாவது கிளைகளைக் கணித்து வெட்டிவிடுதல், மனத்துக்கு இன்னும் கடினமான பயிற்சியாகும். குண்டுமல்லியின் கிளைகளை மழைக்காலத்தின் இறுதியில் குறைத்து வெட்டுகிறார்கள்; புதிய தளிர்களில்தான் மொட்டுகள் தோன்றும் என்பதால், பசுமையாக நிற்கும் கிளையை இழக்கத் துணிபவருக்கே கோடையில் பூ நிறைகிறது. நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி பக்கமொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அந்த அடக்கம் தளர்ந்து பக்கக்கிளைகள் விரிகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டிருப்பவர் எதிலும் செழிப்பதில்லை என்ற அறிவுரையைச் செவியால் கேட்பதைவிட, கத்தரிக்கோலைப் பிடித்த கையால் கற்பது ஆழமாகப் பதிகிறது.

இழப்புக்குப் பின்

2016 டிசம்பர் 12ஆம் நாள் கரையைக் கடந்த வர்தா புயல் இந்நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது செடிக்கு ஊற்றும் நீரே பெரும் கேள்வியானது. அரிசி, பருப்பு கழுவிய நீரைச் சேர்த்துவைத்து ஊற்றுவதும், எல்லாச் செடிகளையும் காப்பாற்ற முடியாதபோது எவற்றைக் காப்பது என்று முடிவெடுப்பதும் அத்தகைய காலத்தின் கல்வியாகும்.

இழப்பைத் தாங்குவதன் உயிரியல் விளக்கத்தை அடையாற்றிலேயே காணலாம். பிரம்மஞான சபையின் வளாகத்தில் பல நூற்றாண்டுகளாக நிற்கும் ஆலமரத்தின் அடிமரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது; ஆயினும் கிளைகளிலிருந்து இறங்கி மண்ணைத் தொட்ட விழுதுகள், தாமே தூண்களாகப் பருத்து நீரையும் சத்தையும் உறிஞ்சித் தந்ததால் மரம் இன்றும் தழைத்து நிற்கிறது. நல்ல காலத்தில் பல இடங்களில் ஊன்றிய வேர்களே கெட்ட காலத்தில் தாங்குகின்றன. அதே அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டுச் சீரழிந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட நிலமும் தொடர்ந்த பராமரிப்புக்கு இணங்கும் என்பதற்கு அது சான்று.

பொறுப்பு தரும் உயிர்ப்பு

செடி வளர்ப்பு மனநிலையில் ஏற்படுத்தும் மாற்றத்தை அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. மன அழுத்தம் தரும் பணியை முடித்தவர்களில் ஒரு பிரிவினர் அரைமணி நேரம் தோட்டவேலை செய்ய, மற்றொரு பிரிவினர் வாசிக்க, தோட்டவேலை செய்தவர்களிடம் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடுதலாகக் குறைந்ததை நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2011ஆம் ஆண்டில் வெளியிட்டது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தி 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. ஒரு பிரிவினரிடம் தம் அன்றாட முடிவுகளைத் தாமே எடுக்கலாம் என்று கூறி, ஒரு செடியையும் அவர்கள் பொறுப்பில் விட்டனர். மற்றொரு பிரிவினருக்கும் செடி தரப்பட்டது, ஆனால் அதைப் பணியாளர்களே பராமரித்தனர். முதற்பிரிவினர் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கொண்டிருந்தனர். செடி இரு பிரிவினரிடமும் இருந்தது. முடிவெடுக்கும் உரிமையும் பொறுப்புமே வேறுபட்டன.

ஆகவே அழகுக்காக வாங்கி வைத்து, வேறொருவர் நீரூற்றும் தொட்டிகளால் இப்பயன் முழுமையாக விளைவதில்லை. ஒரே ஒரு கீரைப் பை போதும். ஆனால் அதன் ஈரத்தை நாள்தோறும் தன் விரலால் அறிந்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பி மாவுப்பூச்சி உண்டா என்று பார்த்து, விளைந்ததற்கும் மடிந்ததற்கும் காரணம் தேடுபவரே அதனால் வளர்கிறார். வீட்டிலுள்ள சிறுவருக்கும் முதியவருக்கும் ஆளுக்கொரு பையை முழுப்பொறுப்புடன் ஒப்படைப்பது, ஒரு சென்னைக் குடும்பம் மிகக் குறைந்த செலவில் தொடங்கக்கூடிய சிறந்த கல்வியாகும்.