உங்களுக்குத் தெரியுமா? – பேரீச்சம்பழத்துக்குப் போகும் கணினிகள்

● இளம்பிள்ளைப் பக்கம் சேலைத் தறிகளுக்கு மேலே, ஜக்கார்டு பெட்டியில் மாலை மாதிரி தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். கணினிக்குக் கொள்ளுப்பாட்டி அதுதான். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி உயரும், பாவு நூல் மேலே வரும். ஓட்டை இல்லையா, நூல் அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் கணினியும் இன்றுவரை காலம் தள்ளுகிறது.

பிரான்சில் ஜக்கார்டு இந்தத் தறியைக் கொண்டுவந்தது 1804-ல். அவர் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கோத்துப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தன் கணக்கு இயந்திரத்துக்கும் அதே அட்டை முறையைத்தான் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகையை எண்ண ஹோலரித் எடுத்துக்கொண்டதும் ஓட்டை அட்டையே. அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து வளர்ந்து பிறகு ஐ.பி.எம். ஆனது. மின்னணு ஜக்கார்டு வந்துவிட்ட தறிகளில் அட்டைக்கு இப்போது வேலை இல்லை. என்னைக் கேட்டால், ஒரு சேலை டிசைனின் முழு அட்டைக் கட்டுக்கு எந்தக் கணினி அருங்காட்சியகமும் முதல் அறையிலேயே இடம் தரலாம்.

● மேட்டூர் என்றால் அணையும் மீனும்தான் ஞாபகம் வரும். சிப்புக்கும் சூரியத் தகட்டுக்கும் மூலப்பொருளான பாலிசிலிக்கானை அங்கே 1980-களில் தயாரித்தார்கள். ஆலையின் பெயர் மெட்கெம். தொழில்நுட்பம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ.ஆர். வாசுதேவ மூர்த்தி உருவாக்கியது.

● இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணினி, 1955-ல் கொல்கத்தாவில் இறங்கிய எச்.இ.சி.-2எம். மும்பையில் நாமே கட்டிய டிஃப்ராக் 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962-ல் அதற்குப் பெயர் வைத்தவர் நேரு.

● 1984-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது பிபிசி மைக்ரோ. நினைவகம் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் பெரியப்பா அனுப்பும் ‘காலை வணக்கம்’ படம்கூட அதில் அடங்காது! ஏதாவது பள்ளியின் சாமான் அறையில் ஒன்று கிடைத்தால், ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். அதன் பவர் சப்ளையில் இருக்கும் வடிகட்டி கெப்பாசிட்டரின் மேலுறை வயதாகி வெடித்திருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடத்தில் குப்பென்று புகை கிளம்பும், நாற்றம் நாலு வீடு போகும். தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

● 286, 386 காலத்துப் பலகைகளுக்கு எமன், கடிகாரத்துக்காகப் பற்றவைத்த சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி. சும்மா கிடந்தாலும் கசியும். பலகையின் செம்புக் கோடுகளை அரித்து ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி பச்சை பிடிக்க வைக்கும். கசிவது காரம். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சமையலறை வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமாகக் கழுவி உலர்த்துகிறார்கள் சேகரிப்பாளர்கள். கணினிக்கு வினிகர் வைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்?

● பிரிட்டனின் ‘ஹார்வெல் டெகட்ரான்’ 1951-ல் ஓடத் தொடங்கியது. எடை இரண்டரை டன். ஒரு பெருக்கல் போட 5 முதல் 10 நொடி. பள்ளிப் பையன் ஜெயித்துவிடுவான், ஆனால் இதற்குச் சலிப்பே கிடையாது. பின்னாளில் பிரித்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். யாரோ எடுத்த புகைப்படத்தில் அதன் பாகம் ஒன்றைப் பார்த்து ஓர் ஆர்வலர் அடையாளம் கண்டார். தன்னார்வலர்கள் பழுது நீக்கி 2012-ல் பிளெட்ச்லி பார்க்கில் மறுபடி ஓடவிட்டார்கள். இன்றைக்கு இயங்கும் அசல் டிஜிட்டல் கணினிகளில் மூத்தது அதுதான்.

● நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களில் கர்... கர் என்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஊசியால் ரிப்பனைக் குத்தி அச்சடிப்பதால் கார்பன் வைத்து மூன்று நகல் ஒரே அடியில் விழும். லேசர் பிரின்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

● பரணில் பழைய கணினி இருக்கிறதா? எடைக்குப் போடும் முன் மாடல் எண்ணைக் குறித்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, பக்கத்துக் கல்லூரியின் கணினித் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். வயர், மேனுவல், பிளாப்பி எதையும் பிரிக்காமல் ஒரே பெட்டியில் வையுங்கள். பேட்டரியை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.