முப்பது ஆண்டுக் கணக்கைத் திறக்கும் சாவி

1996இல் 28 வயதில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த தொழிலாளிக்கு 2026இல் 58 வயது நிறைகிறது. 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, பத்தாண்டுப் பணிக்காலம் இருந்தால் அந்த வயதில் அவருக்கு மாத ஓய்வூதியம் உண்டு. சேர்ந்த தேதியிலோ பிடித்தம் செய்த தொகையிலோ ஐயம் எழுந்தால், ஆலையின் பழைய சம்பளப் பதிவைத்தான் புரட்ட வேண்டும். பேரேட்டில் இருந்தால் தூசி தட்டி எடுத்துவிடலாம். கணினியில் இருந்தால் என்ன செய்வது? வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள், பேகம்பூரில் தோல் தொழில், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிகள் என்று, கணக்கில்லாமல் ஒரு நாளும் நகராத தொழில்கள் நிறைந்தது திண்டுக்கல் மாவட்டம். இந்திய அலுவலகங்களில் கணினி நுழைந்த காலத்தில் கணக்கு எழுதப் பயன்பட்டவை டிபேஸ், பாக்ஸ்புரோ, லோட்டஸ் 1-2-3, டாஸ் இயங்குதளத்தில் ஓடிய பழைய டேலி போன்றவை. அப்படி எழுதிய கணக்கு எங்கே இருந்தாலும், அதை எழுதிய புரோகிராமையும் சேர்த்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு இன்று நம் கையில் உள்ள நல்ல வழி லினக்ஸ் இயங்குதளம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்தப் புரோகிராம் புதிய கணினியில் ஏன் ஓடுவதில்லை? 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ், ஒரு நேரத்தில் ஒரே புரோகிராமை ஓட்டுவதற்காக எழுதப்பட்டது. ஓடுகிற புரோகிராமுக்குக் கணினி முழுவதும் சொந்தம். திரைக்கான நினைவகத்தில் தானே எழுதும், பிரிண்டர் போர்ட்டைத் தானே தொடும், 640 கேபி நினைவகத்துக்குள் குடித்தனம் நடத்தும். பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடும் இன்றைய இயங்குதளம் இந்த உரிமையை யாருக்கும் தராது. போதாததற்கு, இன்றைய செயலி 64 பிட் முறையில் ஓடும்போது, டாஸுக்கென முன்பு அதில் இருந்த வசதி வேலை செய்வதில்லை. அதனால்தான் 64 பிட் விண்டோஸ் இந்தப் புரோகிராம்களைத் திறக்க மறுக்கிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் பதிப்பு கொண்டிருந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

லினக்ஸில் இதற்குக் கிடைக்கும் கருவிகளில் பெயர்பெற்றது, 2002இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ். இது பழைய செயலி, திரை அட்டை, விசைப்பலகை எல்லாவற்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. லினக்ஸில் உள்ள ஒரு ஃபோல்டரை இதுதான் சி டிரைவ் என்று காட்டிவிட்டால், பாக்ஸ்புரோ தான் ஒரு பழைய 486 கணினியில் இருப்பதாகவே எண்ணி ஓடும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளின் களஞ்சியத்திலிருந்து இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கணக்குப் புரோகிராமுக்கு அச்சடிக்கவும் வேண்டும். அந்தத் தேவைக்கு, அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸ், லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட டாஸ்எமு2 ஆகியவை பொருத்தம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கென்று புரோகிராம் அனுப்புவதை இவை வாங்கி, இன்றைய பிரிண்டருக்கோ கோப்புக்கோ மாற்றிக் கொடுக்கின்றன. மைக்ரோசாஃப்டின் டாஸ்கூடத் தேவையில்லை. ஜிம் ஹால் 1994இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் என்ற சுதந்திர மென்பொருள் அந்த இடத்தை நிரப்புகிறது. புரோகிராமை விலைகொடுத்து வாங்கியபோது ஏற்ற உரிம நிபந்தனை மட்டும் அப்படியே நீடிக்கும்.

இத்தனை பாடு எதற்கு, தரவை மட்டும் புதிய மென்பொருளுக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிபேஸ், பாக்ஸ்புரோ கோப்புகளை லிப்ரெ ஆபீஸ் இன்றும் திறக்கிறது. ஆனால் திறந்ததும் கிடைப்பது வெறும் கட்டங்களும் எண்களும். 'பிரிவு 14' என்றால் கார்டிங்கா ஸ்பின்னிங்கா, பைசாவை எங்கே முழுமையாக்கினார்கள், எந்த மாதத்திலிருந்து பிடித்தத்தின் விகிதம் மாறியது என்பதெல்லாம் தரவுக்குள் இருக்காது. அவை புரோகிராமுக்குள் இருக்கும். அதை எழுதியவர் இன்று எங்கே இருக்கிறாரோ. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டின் ஊரான திண்டுக்கல்லுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெட்டியைப் பத்திரப்படுத்திவிட்டுச் சாவியைத் தொலைத்தவரின் நிலைதான் இது. தரவை மாற்ற நினைப்பவருக்கும் பழைய புரோகிராம் ஓடியாக வேண்டும். மாற்றிய கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு உரைகல் இல்லை.

பழைய கணினியையே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு மறுப்பு. ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு தேயும். உதிரி பாகம் கிடைப்பது அரிது. லினக்ஸில் ஓடும் டாஸ் என்பது ஒரு ஃபோல்டர். அதைப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் வைக்கலாம். டாஸ்பாக்ஸ் விண்டோஸிலும் ஓடுமே, லினக்ஸ் எதற்கு என்றால், ஓடும் என்பது உண்மை. விண்டோஸ் வைத்திருப்பவர் அதிலேயே தொடங்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் தன் முடிவால் ஆதரவை நிறுத்தியதில்தான் இந்தச் சிக்கலே பெரிதானது. மூல நிரல் திறந்து கிடக்கும் கருவியை அப்படி ஒருவர் பூட்டிவிட முடியாது. தமிழகத்துக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வீடுகளுக்கு வந்தது. அந்த வயதுடைய மடிக்கணினியே இந்த வேலைக்குப் போதும்.

கணக்கைப் போலவே எழுத்துக்கும் இது பொருந்தும். டாஸுக்குத் தமிழ் தெரியாது. கனடாவில் கு. சீனிவாசன் 1984இல் உருவாக்கிய ஆதமி போன்ற தமிழ் மென்பொருள்கள் வந்த காலத்தில் ஒருங்குறி (யூனிகோடு) என்பதே இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி எழுத்துக்கு எண் கொடுத்தது. அந்தக் கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். எந்தக் குறி எந்த எழுத்து என்று ஐயமறக் காட்டவல்லது அதை எழுதிய மென்பொருள். அதை ஒருமுறை ஓடவைத்துப் பார்த்தால், ஒருங்குறிக்கு மாற்றும் பட்டியலைத் தயாரித்துவிடலாம்.

புதிய வரவு செலவைப் பழைய புரோகிராமில் எழுதச் சொல்லவில்லை. புதியது புதியதிலேயே நடக்கட்டும், பழையது படிப்பதற்கு மட்டும் திறந்திருக்கட்டும். பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முதலில் முழுப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில்தான் சோதனை செய்ய வேண்டும். டாஸ்பாக்ஸுக்கு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டினால், பழைய வைரஸ் ஏதும் இருந்தாலும் மற்றக் கோப்புகள் அதன் கண்ணில் படாது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலும் மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள திட்டப்பணி அரிது. ஆலை, மண்டி, கூட்டுறவுச் சங்கம் எதுவாக இருந்தாலும், அலமாரியில் கிடக்கும் பழைய டிஸ்க்கை எடைக்குப் போடும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதில் யாரோ ஒருவருடைய பத்தாண்டு உழைப்புக்கான சான்று இருக்கலாம்.