உங்களுக்குத் தெரியுமா? வாலாஜா முதல் வாணியம்பாடி வரை

ஆம்பூரில் பிரியாணிக் கடைகளை ஒட்டி ஓடும் சாலையும் டெல்லியில் தொடங்கும் சாலையும் ஒன்றேதான். தேசிய நெடுஞ்சாலை 48, ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு என்று சுமார் 2,800 கிலோமீட்டர் ஓடி வந்து சென்னையில் முடிகிறது. 2010-ல் எண்களை மாற்றும்வரை நம் பகுதியில் கிருஷ்ணகிரி முதல் ராணிப்பேட்டை வரை இதன் எண் 46. அதைத் தாண்டிச் சென்னை வரை 4. ராணிப்பேட்டைப் பெரியவர்கள் இந்த எண் எதையும் கண்டுகொள்வதில்லை. அவர்களுக்கு இது எம்.பி.டி. ரோடு, மெட்ராஸ்–பெங்களூர் டிரங்க் ரோடு.

*

எண்ணை வைத்தே திசை சொல்லலாம். புதிய முறையில் இரட்டை எண் என்றால் வடக்கு–தெற்கு, ஒற்றை எண் என்றால் கிழக்கு–மேற்கு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை, திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி போவது 38. மங்களூருக்குப் பக்கத்து பண்ட்வாலில் தொடங்கி, பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடி வழியாக வேலூர் வந்து சேர்வது 75. மூன்று இலக்கம் வந்தால் அது கிளைச்சாலை. சேலம்–வாணியம்பாடி சாலைக்கு 179ஏ என்று பெயர் வந்ததற்குக் காரணம், அது 79-ன் கிளை.

*

தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று நாம் இன்று பிரிக்கும் பிரிவு வெள்ளைக்காரன் காலத்தது. 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் வகுத்தது. ஓரத்துக் கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசியம், பச்சை இருந்தால் மாநிலம், ஆரஞ்சு இருந்தால் கிராமம். இது வெறும் அழகுக்கு அல்ல. பள்ளத்தில் விழுந்தால் யாரிடம் முறையிடுவது என்பதைக் கல்லின் நிறம் சொல்லும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைக்கலாம். ஊராட்சிச் சாலைக்கு அந்த எண்ணில் பதில் கிடைக்காது.

*

நான்கு வழிச் சாலையில் கார் 100, லாரி 80, ஆட்டோ 50. விரைவுச் சாலையில் கார் 120. இது 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையையே ரத்து செய்தது. வாட்ஸ்அப்பில் இன்னும் 120 என்றே சுற்றுகிறது. உள்ளூர் நிலவரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், ஓட்டுகிறவருக்கு அந்தந்த இடத்துப் பலகையில் இருப்பதே கணக்கு. ஆறு வழிச் சாலை என்பதற்காக ஊருக்குள்ளும் அதே வேகம் என்று நினைப்பவர்களை ஆம்பூரில் தினமும் பார்க்கலாம்.

*

ஆசிட் ஏற்றிய டேங்கர்

தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் வேண்டும். அடுத்து தோலை ஊறவைக்கும் தொட்டிக்கு உப்பும் கந்தக அமிலமும். பதனிடக் குரோமியம் உப்பு. இவையெல்லாம் டேனரிக்கு நம் சாலைகள் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே இந்தப் பகுதி ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறி ஒன்று உண்டு. டேங்கரின் பக்கவாட்டில் சாய்சதுரம், மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கறுப்பு, நடுவில் ஒரு கையின் மீதும் உலோகத்தின் மீதும் சொட்டும் துளிகள், அடியில் 8. அரிக்கும் பொருள் என்று அர்த்தம். பக்கத்தில் 1830 என்ற எண் இருந்தால் உள்ளே இருப்பது கந்தக அமிலம். இந்த எண் உலகம் முழுவதற்கும் பொது. ஹாம்பர்க் துறைமுகத் தீயணைப்பு வீரருக்கும் அதே பொருள்தான்.

இப்படிப்பட்ட வண்டியை ஓட்ட வெறும் கனரக உரிமம் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மூன்று நாள் பயிற்சி முடித்து, அதை உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டாவது அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு என்ன, கசிந்தால் என்ன செய்வது என்று எழுதிய தாள் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். முதலாளியின் ஆபீசில் இருந்தால் பயன் இல்லை. விபத்து நடந்த இடத்தில் முதலில் ஓடிவருபவர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர். அவர் அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும், பாதி ஆபத்து குறையும். கசியும் திரவத்தின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும்.

*

இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 2018-ல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. அதையும் மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஈரத்தோடு இருக்கும் சரக்கு. கண்ணுக்குத் தெரியும் உயரத்தை வைத்து அதன் எடையை மதிப்பிட்டால் ஏமாற்றம்தான்.

*

ஷூ கம்பெனி விடும் நேரத்தில் நெடுஞ்சாலையைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2017-ன் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், சிக்னல் இல்லாத வரிக்கோட்டுக் கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்கின்றன. வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்று வழிவிட வேண்டும். ஹாரன் அடித்து அவர்களை நிறுத்துவது விதியில் எங்கும் இல்லை. அப்படியிருந்தும் அந்த ஒலிதான் இங்கே சிக்னல்.

*

ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றுகிறவருக்கு முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிளில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள், பின்னால் வருகிறவர் உங்களைத் திட்டுவார். விதி உங்கள் பக்கம்தான்.

*

ஏலகிரி ஏறுகிறவர்கள் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறார்கள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். பாரி வளைவிலும் சரி, பேரணாம்பட்டைத் தாண்டி ஆந்திரா ஏறும் பத்தலப்பல்லி மலைப்பாதையிலும் சரி, ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட பாரவண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருண்டுவிடவும் செய்யும்.

*

நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால் முந்தலாம், தொடர்ந்து இருந்தால் முந்தக் கூடாது. இரண்டு கோடுகள் பக்கம் பக்கமாக, ஒன்று தொடர்ச்சியாகவும் மற்றது விட்டுவிட்டும் இருந்தால்? உங்கள் பக்கத்துக் கோடு எதுவோ அதுவே உங்களுக்குச் சட்டம்.

*

ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழிவிட்டால் அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையகத்திலிருந்து வளர்ந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அதன் ராணிப்பேட்டை வளாகம் 2022 முதல் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இயங்குகிறது. விபத்து சிகிச்சை அங்கேதான். வேலூரின் நெரிசலான ஆற்காடு ரோட்டுக்குள் நுழையாமலே ஆம்புலன்ஸ் போய்ச் சேரலாம். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் பெயரில் மறுபாதி ‘நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பரில் தொடங்கியது. 48 என்பது விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை. நம் நெடுஞ்சாலையின் எண்ணோடு ஒத்துப்போனது தற்செயல்தான்.

*

செருப்பு அணிந்து வண்டி ஓட்டினால் அபராதமா? 2019-ல் அபராதத் தொகைகள் ஏறிய கையோடு இப்படி ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. செருப்பு, லுங்கி, அரைக்கைச் சட்டை எதற்கும் அபராதம் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே விளக்கம் தர வேண்டியதாயிற்று. ஷூ தைத்து உலகத்துக்கு அனுப்பும் ஆம்பூரில் அந்த வதந்தி உண்மையாக இருந்திருந்தால் வியாபாரிகள் மகிழ்ந்திருப்பார்கள்.

*

பள்ளிகொண்டா, வாணியம்பாடி கட்டணச் சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் தன் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு மாத பாஸ் வாங்கலாம். தினமும் கடக்கிற பலருக்கே இது தெரியாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஆண்டு பாஸ் வேறு: அறிமுகத்தின்போது 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அது.

*

பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை சுமார் 260 கிலோமீட்டர். ஹொஸ்கோட்டேயில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை. பழைய சாலைபோல் ஆம்பூர், வாணியம்பாடிக்குள் வராது. ஆந்திரத்தின் பலமநேர், சித்தூர் பக்கமாக வந்து ராணிப்பேட்டைப் பகுதியைத் தொட்டுப் போகும். கர்நாடகத்தில் 71 கிலோமீட்டர் 2024 டிசம்பரிலேயே திறக்கப்பட்டது. பைக், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. திறந்தவுடன் முதலில் ஏறியவர்களில் பைக்காரர்களும் உண்டு.

*

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதனால் சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் சிக்கலில் இந்தப் பகுதி ரொம்பவே சீனியர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு, ஆளில்லாத ரயில்வே கேட்டில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்டக்டரையோ கிளீனரையோ இறக்கி, தண்டவாளம்வரை நடந்துபோய் இரு பக்கமும் பார்க்கச் சொல்கிறது. ரயில் வரவில்லை என்றால் அவர் முன்னால் நடந்து வழிகாட்ட, வண்டி பின்னால் வர வேண்டும். கூட யாரும் இல்லையா? ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும்.